திருட்டு முழி

கேள்வி: வேலையிலிருந்து திரும்பினால் தலையணை கிழிந்து கிடக்கிறது. நான் வாய் திறப்பதற்குள் எங்கள் நாய் காதை மடக்கி, வாலைக் கால்களுக்கிடையே செருகிக்கொண்டு மூலையில் ஒதுங்குகிறது. செய்தது தப்பு என்று அதற்குத் தெரிகிறதுதானே, டாக்டர்?

பதில்: அதன் முழியே திருட்டு முழி என்று என்னிடம் சத்தியம் செய்பவர்கள் அநேகம். அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்து, 2009-இல் முடிவை வெளியிட்டார். தின்பண்டத்தைத் தொடாதே என்று கட்டளையிட்டுவிட்டு உரிமையாளர் வெளியே போவார். நாய் அதைத் தின்றதா இல்லையா என்று திரும்பி வந்ததும் அவருக்குச் சொல்லப்படும்; சில நேரம் வேண்டுமென்றே தவறாக. தின்ற நாய்க்கும் தின்னாத நாய்க்கும் அந்த முழியில் வித்தியாசமே இல்லை. திட்டு விழுந்தால் முழி வந்தது. ஒரு பாவமும் அறியாமல் திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அது இன்னும் பலமாகத் தெரிந்தது!

நீங்கள் வாய் திறக்கவில்லை, சரி. வாசலில் நின்ற தோரணை போதாதா? தரையில் பஞ்சும் கதவருகே நீங்களும் சேர்ந்தால் வசவு விழும் என்று முன் அனுபவம் அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. எப்போதோ கிழித்ததற்கு இப்போது அடித்தால், நீங்கள் வீடு திரும்புவதைக் கண்டே அது பயப்படத் தொடங்கும். அடியை விட்டுவிடுங்கள். நீங்கள் கிளம்பிய பிறகு நடப்பதை கைப்பேசியில் பதிவு செய்து பாருங்கள். கிளம்பிய சற்று நேரத்திலேயே ஊளையிட்டு, எச்சில் வடித்து, கதவைப் பிறாண்டினால் அது பிரிவுப் பதற்றமாக இருக்கலாம்; மருத்துவரிடம் காட்டுங்கள். நிதானமாக உட்கார்ந்து கிழிக்கிறதென்றால் பொழுது போகவில்லை. கடிக்க ஏதாவது கொடுங்கள், நன்றாக நடக்கவிடுங்கள். பல் முளைக்கும் குட்டியென்றால் தலையணையை அலமாரிக்குள் வையுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: என் நாய் என் கண்களையே பார்த்துக்கொண்டிருக்கிறது. பாசமா, பிஸ்கட்டா?

பதில்: பிஸ்கட்டை மறுப்பதற்கில்லை. ஆனால் 2015-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, நாய் நெடுநேரம் கண்ணோடு கண் பார்த்தபோது உரிமையாளரின் சிறுநீரில் ஆக்ஸிடோசின் கூடியது. தாயையும் சேயையும் பிணைக்கும் அதே ஹார்மோன். நாய்க்கும் கூடியது. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களோ அப்படி அதிகம் பார்க்கவுமில்லை, ஹார்மோன் ஏறவுமில்லை.

இதெல்லாம் உங்கள் நாயோடு மட்டும். முன்பின் தெரியாத நாயை உற்றுப் பார்த்தால் அது மிரட்டலாகவே எடுத்துக்கொள்ளும். முகத்தைச் சற்றே திருப்பிக்கொண்டு மெதுவாக விலகுங்கள்.