பானிபூரி சாப்பிட்ட மறுநாளே டைஃபாய்டு வருமா?

கேள்வி: எனக்கு வயது 34. மூன்று நாளாகக் காய்ச்சல், உடம்பு வலி. அதற்கு முதல் நாள் தெருவோரக் கடையில் பானிபூரி சாப்பிட்டேன். லேபில் டைஃபாய்டுக்கான வைடால் டெஸ்ட் எடுத்ததில் பாசிட்டிவ். மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா, டாக்டர்?

பதில்: வேண்டாம். பானிபூரிக்காரரையும் விட்டுவிடுங்கள். இது டைஃபாய்டாகவே இருந்தாலும் அவர் கொடுத்ததாக இருக்காது.

டைஃபாய்டு கிருமி அவசரப்படாது. அசுத்தமான தண்ணீரோடு உள்ளே போகிறவற்றில் பெரும்பாலானவை இரைப்பை அமிலத்திலேயே செத்துவிடும். (தினமும் அசிடிட்டி மாத்திரை போடுகிறவர்களுக்கு இந்தக் காவல் குறைவு.) தப்பியவை சிறுகுடல் சுவருக்குள் நுழையும். அங்கே கிருமிகளை விழுங்கவென்றே மேக்ரோஃபேஜ் என்ற அணுக்கள் இருக்கின்றன. விழுங்கவும் செய்கின்றன. ஆனால் இந்தக் கிருமி சாகாமல் அதற்குள்ளேயே குடியேறி, பிடித்த போலீஸின் ஜீப்பிலேயே ஊர் சுற்றுகிற திருடனைப்போல, கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை வரை போய்விடும். அங்கே பெருகி மறுபடி ரத்தத்தில் இறங்கும்போதுதான் காய்ச்சல். இதற்குப் பொதுவாக ஒன்றிரண்டு வாரமாகும். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி வருவது பெரும்பாலும் உணவிலேயே கிருமி கக்கிவைத்த நச்சால். அது வேறு கதை.

வைடால், 1896-லிருந்து இருக்கும் சோதனை. அது தேடுவது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடல் தயாரித்த ஆன்டிபாடியை. அது நன்றாகத் தெரிவதற்கே ஒரு வாரமாவது ஆகும். மூன்றாம் நாள் பாசிட்டிவ் என்றால், எப்போதோ வந்துபோன தொற்றின் அல்லது போட்ட தடுப்பூசியின் தடமாகவும் இருக்கலாம். எனக்கு இந்தச் சீட்டின் மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. பிளட் கல்ச்சர்தான் கிருமியையே வளர்த்துக் காட்டும். அதற்கு ஆன்டிபயாடிக் தொடங்குமுன் ரத்தம் எடுக்க வேண்டும். முன்னதாக மாத்திரை போட்டால் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம்.

உங்கள் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம். அது வைரஸ். பாக்டீரியாவைப்போல அதற்குத் தனிக் குடித்தனம் கிடையாது; நம் செல்லுக்குள் புகுந்து நம் தளவாடங்களை வைத்தே தன்னை நகலெடுத்துக்கொள்ளும். ஆன்டிபயாடிக் குறிவைக்கும் பாக்டீரியா உறுப்புகள் அதனிடம் இல்லை. அதனால் ஆன்டிபயாடிக்கால் அதை ஒன்றும் செய்ய முடியாது.

நாளைக்கே மருத்துவரைப் பாருங்கள். பிளட் கல்ச்சர், டெங்குவுக்கான என்எஸ்1, ரத்த அணுக்கள் எண்ணிக்கை மூன்றையும் கேளுங்கள். அதுவரை பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இபுப்ரொஃபென் தொடாதீர்கள். காய்ச்சல் இறங்கும் நேரத்தில் கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம் என்று எது வந்தாலும் இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.