மூடிய அறையில் குளிர் காய வேண்டாம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் வீட்டுக்காரர் ஸ்ரீநகருக்கு லாரி ஓட்டுகிறார். தை மாதத்தில் பனி கொட்டிச் சாலையை அடைத்துவிட்டால், இரண்டு மூன்று நாள்கள் வண்டியிலேயே கிடக்க நேர்கிறது. கேபினுக்குள் கேஸ் அடுப்பில் சமைத்த பின், அதைச் சிறிதாக எரியவிட்டுக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் படுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். இதில் ஆபத்து உண்டா?
– வாசகி, சங்ககிரி

பதில்: உண்டு, சகோதரி. வழுக்கும் சாலையைவிட இதற்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். அடைத்த கேபினுக்குள் அடுப்பு எரிய எரிய ஆக்சிஜன் குறைந்து, எரிவாயு முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் ரத்தத்தில் ஒட்டிக்கொள்வதால், மூச்சு சீராக இருப்பதுபோல் தோன்றும்போதே உடல் ஆக்சிஜன் இன்றித் தவிக்கத் தொடங்கிவிடுகிறது. முதலில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வரும். நெடுந்தூரம் ஓட்டிவந்த அலுப்பு என்று எண்ணிக் கண்ணயர்ந்தவர் பிறகு எழுந்திருக்காமலே போகலாம். ஆகவே சமையலைக் கேபினுக்கு வெளியே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உறங்கும்போது கதகதப்புக்குத் தடித்த ரஜாய், காதை மூடும் குல்லாய், ஈரமில்லாத காலுறை ஆகியவையே போதுமான துணை.

ஹீட்டருக்காக என்ஜினை ஓடவிடுவதிலும் இதே ஆபத்து இருக்கிறது. சைலன்சர் குழாயின் வாயைப் பனி மூடிவிட்டால் புகை கேபினுக்குள் திரும்பிவிடும். எனவே ஒவ்வொரு முறையும் இறங்கிப் பனியை விலக்கிய பிறகே வண்டியை உசுப்ப வேண்டும். மணிக்குப் பத்து நிமிடம் ஓடவிட்டால் போதும். காற்றடிக்காத பக்கத்துக் கண்ணாடியை விரற்கடை அளவு இறக்கி வைக்க வேண்டும்.

புறப்படுமுன் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இல்லாமல் கூலண்ட் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் உறைந்தால் என்ஜினே வெடிப்பு விட்டுவிடும். ஏர் டேங்கில் சேரும் நீரை அன்றாடம் வடிக்காவிட்டால் பிரேக் குழாய்களில் அது உறையும். நம்மூர் வெயிலுக்கேற்ற டீசல் கடுங்குளிரில் மெழுகு பிடித்து ஃபில்டரை அடைக்கும் என்பதால், இங்கிருந்தே டேங்கை நிரப்பிச் செல்லாமல் வழியில் குளிர்ப் பகுதி பங்குகளில் நிரப்புவது நல்லது. லடாக்கில் மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் குளிர்கால டீசலே 2019 முதல் விற்கப்படுகிறது.

நாமக்கல்லைத் தொட்டுச் செல்லும் அதே 44ஆம் எண் நெடுஞ்சாலையில்தான் ஜம்முவிலிருந்து ஸ்ரீநகருக்கும் செல்கிறார். செனானி–நஷ்ரி சுரங்கமும் பனிஹால்–காசிகுண்ட் சுரங்கமும் திறக்கப்பட்டு வழி எளிதாகியிருந்தாலும், ராம்பனுக்கும் பனிஹாலுக்கும் இடையே மழையிலும் பனியிலும் மண் சரிவது நிற்கவில்லை. உதம்பூரைத் தாண்டுமுன் போக்குவரத்துக் காவல்துறையின் அன்றைய அறிவிப்பை விசாரித்துக்கொள்ளட்டும். சரக்கு ஒரு நாள் தாமதமானால் உரிமையாளர் கோபித்துக்கொள்வார் என்று தயங்க வேண்டாம்.

கேள்வி: புத்தாண்டுக்கு ஊட்டியில் தங்க இருக்கிறோம். அம்மாவுக்கு வீசிங் உண்டு. கேட்டால் அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தருவார்கள் என்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: கூடவே கூடாது. புகையே தெரியாமல் தணலாகக் கனலும் கரி, மேலே சொன்ன வாயுவை கேஸ் அடுப்பைவிட மிகுதியாகக் கக்கும். மலை ஊர்களில் இப்படிக் கணப்பு மூட்டிவிட்டு உறங்கியவர்கள் விடியும்போது உயிருடன் இல்லாத செய்தியை நாம் மறுபடி மறுபடி படித்துவருகிறோம். ஜன்னலைச் சற்றுத் திறந்து வைப்பதும் நம்பத்தக்க காப்பு அல்ல. மின்சார ஹீட்டர் உள்ள அறையாகக் கேட்டு முன்பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் கூடுதல் கம்பளிகளும் வெந்நீர்ப் பையும் போதும். அம்மாவின் இன்ஹேலர் கைப்பையிலேயே இருக்கட்டும். உறைபனி படிந்த விடியலில் அவரை நடைக்கு அழைத்துச் செல்ல வேண்டாம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் ஏறி, பொழுது சாயுமுன் குன்னூரைக் கடந்துவிடுங்கள். மேகம் இறங்கிவிட்டால் ஹைபீம் எதிரே வெள்ளைச் சுவராகத் திரும்பும். லோபீமில் மெல்லச் செல்லுங்கள். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல், ஏறிய அதே கியரில் வண்டியைப் பிடித்து இறக்குங்கள். இ-பாஸ் எடுத்துவிட்டீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜனவரியில் பிராங்க்பர்ட் நகரில் நடக்கும் வீட்டு ஜவுளிக் கண்காட்சிக்கு முதன்முறையாகச் செல்கிறேன். உடை பற்றிச் சொல்லுங்கள்.
– வாசகர், கரூர்

பதில்: பருத்தி பனியனை உடம்பை ஒட்டி அணியாதீர்கள், வியர்வையில் நனைந்தால் காயாமல் உடல் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி அல்லது பாலியஸ்டர் உள்ளாடை, அதன்மேல் ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் நீரும் புகாத கோட்டு என அடுக்கி அணியுங்கள். காலணி, தடித்த காலுறைக்கு இடம் விட்டு வாங்கப்பட்டதாக இருக்க வேண்டும். திரும்பும் நாளில் பனியால் விமானம் ரத்தானால், ஐரோப்பிய விதிப்படி இழப்பீட்டுத் தொகை கிடைக்காது என்றாலும், காத்திருக்கும் நேரத்துக்கு உணவும் இரவு தங்க அறையும் விமான நிறுவனம் தர வேண்டும். கவுண்டரில் தயங்காமல் கேளுங்கள்.