டெக்காலுக்கு எந்த லேசர் பிரிண்டர் வாங்கலாம்?

கேள்வி: கோவையில் வீட்டிலேயே சின்னதாக மின்சூளை வைத்துக் கோப்பைகள் செய்கிறேன். அம்மா கைப்பட எழுதிய சமையல் குறிப்புகளை டெக்காலாக்கி, அதாவது ஒட்டிச் சுடும் அச்சுப் படலமாக்கிக் கோப்பைகளில் பதிக்க ஆசை. வீட்டில் இருக்கும் கலர் லேசர் பிரிண்டரில் அச்சிட்டு, ஒட்டி, சுட்டேன். சூளையைத் திறந்து பார்த்தால் ஓர் எழுத்துகூட இல்லை. எந்த பிரிண்டர் வாங்கினால் எழுத்து நிற்கும்?

பதில்: நீங்கள் ஒட்டியதிலும் சுட்டதிலும் தவறு இருந்திருக்க வாய்ப்பு குறைவு. உங்கள் டோனரில் இரும்பு இல்லை, அதுதான் காரணம்.

டோனர் என்பது பிளாஸ்டிக் பிசினும் நிறமியும் கலந்த பொடி. சூளைச் சூட்டில் பிசின் முழுக்க எரிந்துவிடும். கலர் பிரிண்டர்களில் நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றுமே பெரும்பாலும் கரிம நிறமிகள். கறுப்பு வெறும் கார்பன். எல்லாம் புகையாகப் போய்விடும். சில கறுப்பு-வெள்ளை பிரிண்டர்களின் டோனரில் மட்டும் கறுப்பு இரும்பு ஆக்சைடு, அதாவது மேக்னடைட், ஏறக்குறைய பாதி எடை வரை இருக்கும். பிசின் எரிந்தபின் மிஞ்சும் அந்த இரும்பு, கோப்பையின் மேல் பூசிய கண்ணாடிப் பூச்சான கிளேஸ் சூட்டில் இளகும்போது அதில் இறங்கிச் செம்பழுப்பாக நிற்கும். பழைய புகைப்படங்களின் நிறம். கறுப்பாக வராது, அதை முன்னமே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் கையெழுத்துக்கு அந்தப் பழுப்பு அழகாகவே பொருந்தும்.

ஆகவே பிரிண்டரின் வேகத்தையோ வைஃபையையோ பார்க்காதீர்கள், டோனரைப் பாருங்கள். எச்பி லேசர்ஜெட் 1020, கேனன் எல்பிபி 2900 இரண்டும் நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் வருடக்கணக்காக உழைத்த பிரிண்டர்கள். பழையதாகவே வாங்கலாம். முதலாவதற்கு 12ஏ கார்ட்ரிட்ஜ், இரண்டாவதற்கு 303. இரண்டிலும் டோனரை இழுத்து வரும் உருளைக்குள் காந்தம் இருக்கிறது. பொடியில் இரும்பு இல்லாவிட்டால் அந்த உருளையில் அது ஒட்டவே ஒட்டாது. பிரதர் கறுப்பு-வெள்ளை பிரிண்டர்கள் அலுவலகத்துக்கு நல்லவை, ஆனால் அவற்றின் டோனர் கார்பன் வகை. உங்களுக்கு உதவாது.

வேறு மாடல் கைக்கு வந்தால் இரண்டு வழியில் சோதிக்கலாம். அந்த டோனரின் பாதுகாப்புத் தகவல் தாள் இணையத்தில் கிடைக்கும். பொருட்கள் பட்டியலில் அயர்ன் ஆக்சைடு, 1317-61-9 என்ற எண்ணோடு இருந்தால் சரி. இல்லையென்றால், ஒரு சிட்டிகை டோனரைத் தாளில் கொட்டி, அடியில் காந்தத்தை நகர்த்துங்கள். இரும்பு இருந்தால் பொடி மயிர் சிலிர்த்தாற்போல் முள்முள்ளாக எழுந்து காந்தத்தின் பின்னாலேயே போகும். மாஸ்க் போட்டுக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். பெரிய நகல் இயந்திரங்களின் டெவலப்பர் பொடியில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அதில் டோனரைச் சுமந்து வரும் இரும்புத் துகள் தனியாக இருப்பதால் காந்தம் ஏமாற்றிவிடும்.

ரீஃபில் செய்யலாமா என்றால், செய்யலாம். ஆனால் ஒரு வேலை முடியும்வரை ஒரே பொடியாக இருக்கட்டும். ஒருமுறை பாதி வேலையில் வேறு கடையில் ரீஃபில் செய்தேன். ஒரே சூளையில் சுட்ட தட்டுகளில் பாதி செம்பழுப்பு, மீதி வெளிறிய தேன் நிறம். இரும்பின் அளவு பொடிக்குப் பொடி மாறும் என்பதை அன்று பார்த்தேன். அந்த வெளிறிய தட்டுகளைக் கொடுக்க மனம் வரவில்லை, எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன்.

அச்சிடும்போது டோனர் சேமிப்பு முறையை அணைத்து, அச்சு அடர்த்தியை உச்சத்தில் வையுங்கள். இரும்பு எவ்வளவு தடிமனாக விழுகிறதோ அவ்வளவு நிறம். கையெழுத்தை ஸ்கேன் செய்தபின் சாம்பல் நிறமே இல்லாமல் தூய கறுப்பாக மாற்றிவிடுங்கள். மெல்லிய சாம்பல் சூளையில் காணாமல் போகும். லேசருக்கான ஒளி ஊடுருவும் வாட்டர்ஸ்லைடு தாளையே, அதாவது தண்ணீரில் ஊறினால் மேல் படலம் நழுவி வரும் தாளையே வாங்குங்கள். இங்க்ஜெட் தாள், டோனரை உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் ஃப்யூசரின் சூட்டில் உருகிச் சுற்றிக்கொண்டால் பிரிண்டரே போய்விடும். ஒவ்வொரு தாளாகக் கையால் செலுத்துங்கள்.

அப்புறம், வெட்டிய துண்டை ஒரு நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டு, கிளேஸ் மீது நழுவவிட்டு, நடுவிலிருந்து விளிம்புக்கு ரப்பர் தகட்டால் தண்ணீரைத் தள்ளுங்கள். அடியில் குமிழி இருந்தால் அது வெடித்து அந்த இடத்தில் எழுத்து ஓட்டையாகிவிடும். ஓர் இரவு காயட்டும். சூளையை 500 டிகிரி வரை மெதுவாக ஏற்றுங்கள், மூடியைச் சற்றுத் திறந்து, சன்னலையும் திறந்து வையுங்கள். பிசின் எரியும் புகையை மூச்சில் இழுக்கக் கூடாது.

உச்ச வெப்பம் உங்கள் கிளேஸைப் பொறுத்தது. 1220 டிகிரியில் சுட்ட கிளேஸ் என்றால் 1060-இலிருந்து தொடங்கலாம். குறைந்தால் இரும்பு மேலேயே தூளாக நிற்கும், கூடினால் கிளேஸ் அதை விழுங்கி எழுத்து மங்கும். அம்மாவின் குறிப்பில் ஒரே ஒரு வரியை மூன்று உடைந்த கோப்பைத் துண்டுகளில் ஒட்டி 1000, 1060, 1100 என்று தனித்தனியாகச் சுடுங்கள். ஆறியதும் நகத்தால் அழுத்தித் தேயுங்கள். கையில் பழுப்பு ஒட்டாமல், எழுத்தின் ஓரமும் கூர்மையாக இருக்கும் துண்டு எதுவோ, அந்த வெப்பத்தில் கோப்பைகளைச் சுடலாம்.