16 மணி நேரம் பட்டினி கிடந்தும் எடை ஏன் நிக்குது? கேள்வி பதில்

இடைவெளி விரதம் (சாப்பிடுற நேரத்தைச் சுருக்கி, மீதி நேரம் பட்டினி இருக்கிற முறை) பத்திக் கேளுங்கன்னு சொன்னதும் கேள்விகள் குவிஞ்சிருச்சு. ஒண்ணை முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல. நாலு வருஷமா விரதம் இருக்கேன், கையில கிடைச்ச ஆய்வுகளை உட்கார்ந்து படிச்சிருக்கேன், அவ்வளவுதான். 89 கிலோவுல ஆரம்பிச்சு 73-க்கு வந்தேன். நடுவுல ஒரு தடவை சறுக்கவும் செஞ்சேன். அதையும் ஒருத்தர் கேட்டிருக்கார், கடைசியில சொல்றேன்.

கேள்வி: அக்கா, முதல் வாரம் இரண்டரை கிலோ குறைஞ்சுது. அடுத்த மூணு வாரத்துல மொத்தமே அரைக் கிலோ. விட்டுரலாமான்னு இருக்கு.

முதல் வாரம் போனதுல பெரும்பங்கு தண்ணி. கல்லீரல்லயும் தசையிலயும் கிளைகோஜன்னு ஒரு மாவுச்சத்து சேமிப்பு இருக்கு, ஏறக்குறைய 400–500 கிராம். அதுல ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணியைப் பிடிச்சு வெச்சிருக்கும். சாப்பாடு குறைஞ்சதும் அந்தச் சேமிப்பு கரையும், கூடவே தண்ணியும் வெளியேறும். மெஷின்ல ஒன்றரை, ரெண்டு கிலோ சட்டுனு இறங்கும், நாமளும் பறப்போம்.

கொழுப்போட கணக்கு வேற. ஒரு கிலோ கொழுப்புல சுமார் 7,700 கலோரி. நாளுக்கு 500 கலோரி குறைச்சுச் சாப்பிட்டாலும் ஒரு கிலோ கரைய 15 நாள் ஆகும், அதுவும் ஏட்டுக் கணக்குல. உங்க அரைக் கிலோ கொழுப்பாத்தான் இருக்கும். முதல் வாரத்தை மறந்துட்டு, ரெண்டாவது வாரத்துல இருந்து கணக்கு வைங்க.

கேள்வி: தினமும் காலையில எடை பாக்குறேன். 400 கிராம் கூடியிருந்தா அன்னிக்கு நாளே பாழ்.

என் பழைய நோட்டுல இருந்து ஒரு வாரம்: 81.4, 81.9, 81.2, 82.3, 81.6, 81.1, 81.3. நாலாவது நாள் 82.3-ஐப் பாத்துட்டு அன்னிக்கு மதியம் வேணும்னே ஒண்ணும் சாப்பிடாம இருந்தேன். முட்டாள்தனம். முந்தின ராத்திரி உப்பு தூக்கலா சாப்பிட்டிருந்தேன், உடம்பு தண்ணியைப் பிடிச்சு வெச்சிருந்துச்சு, வேற ஒண்ணுமில்ல. அந்த வாரச் சராசரி 81.5. அதுக்கு முந்தின வாரம் 81.9. ஆக 400 கிராம் இறங்கித்தான் இருந்தேன், எனக்குத்தான் தெரியல.

தினமும் பாக்கணும்னா பாருங்க, ஆனா சராசரியை மட்டும் நம்புங்க. அது முடியாதவங்க வாரத்துக்கு ஒரு நாள் போதும். பெண்கள் மாதவிடாய்க்கு முந்தின வாரத்தை, போன மாசம் அதே வாரத்தோட ஒப்பிடுங்க. நீர் கோத்துக்கிட்டு ஒரு கிலோ கூடினாலும் ஆச்சரியமில்ல. இடுப்பளவு டேப் ஒண்ணு வெச்சுக்குங்க, மெஷின் மௌனமா இருக்கிற மாசத்துல அது பேசும்.

கேள்வி: 16:8 (16 மணி நேரம் பட்டினி, 8 மணி நேரத்துக்குள்ள சாப்பாடு) மெதுவா இருக்கு. 20:4, இல்லன்னா ஒரு நாள் விட்டு ஒரு நாள் போனா வேகமா குறையுமா?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான், கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

2017-ல அமெரிக்காவுல 100 பேரை வெச்சு ஒரு வருஷம் நடந்த ஆய்வு ஒண்ணு இருக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் விரதம் இருந்தவங்களுக்கு 6 சதவீதம் எடை குறைஞ்சுது. தினமும் அளவைக் குறைச்சுச் சாப்பிட்டவங்களுக்கு 5.3. வித்தியாசம்னு சொல்லிக்கிற அளவுக்கு இல்ல. ஆனா பாதியில விட்டுட்டுப் போனவங்க விரதக் குழுவுல 38 சதவீதம், மத்ததுல 29. கடுமையான முறை வேகமாக் குறைக்கல, ஆளை வேகமா விரட்டுச்சு.

2022-ல சீனாவோட குவாங்சோவுல 139 பேர், ஒரு வருஷம். ரெண்டு குழுவுக்கும் ஒரே கலோரிக் கட்டுப்பாடு. ஒரு குழு மட்டும் காலை 8 முதல் மாலை 4 வரைக்குள்ள சாப்பிடணும். அவங்களுக்கு 8 கிலோ குறைஞ்சுது, நேரக்கட்டு இல்லாதவங்களுக்கு 6.3. புள்ளியியல் கணக்குப்படி பெரிய வேறுபாடு இல்லன்னுதான் முடிவு.

இன்னொண்ணு 2020-ல, 116 பேர், 12 வாரம். என்ன வேணா, எவ்வளவு வேணா சாப்பிடலாம், மதியம் 12-ல இருந்து ராத்திரி 8-க்குள்ள. ஒரு கிலோகூட முழுசாக் குறையல, சராசரி 0.94. மூணு வேளை சாப்பிட்ட குழுவுக்கே 0.68 குறைஞ்சுது.

இதையெல்லாம் படிச்சதுல எனக்குப் புரிஞ்சது, நேரம் வெறும் வேலி. வேலிக்குள்ள ஆடு மேயுறது மேயத்தான் செய்யும். ராத்திரி பத்து மணிக்கு நொறுக்குத்தீனி டப்பாவைத் திறக்கிற பழக்கம் உள்ளவங்களுக்கு வேலி நல்லா உதவும், எனக்கு உதவுச்சு. எட்டு மணி நேரத்துக்குள்ளயே எல்லாத்தையும் முடிச்சுடுறவங்களுக்கு அதை நாலு மணி நேரமாச் சுருக்கினாலும் பலன் சந்தேகம்தான்.

கேள்வி: விரதம் முடிஞ்ச முதல் வேளை கட்டுப்பாடே இல்லாம சாப்பிடுறேன்.

பசியோட போய் நின்னு என்ன சாப்பிடலாம்னு யோசிக்காதீங்க, முந்தின நாளே முடிவு பண்ணி வைங்க. தட்டுல முதல்ல புரதம்: முட்டை, பயறு, மீன், எது உங்களுக்கு ஒத்துவருதோ அது. காய் அடுத்து, மாவுச்சத்து கடைசி. நான் ஆரம்பத்துல பாத்திரத்தோட வெச்சுக்கிட்டு சாப்பிடுவேன். தட்டுல போட்டுக்கிட்டு பாத்திரத்தை அடுப்படியிலயே விட்டுட்டு வந்து உட்கார ஆரம்பிச்சதுல பாதி சரியாச்சு.

அப்படியும் அடங்கலன்னா 16-ஐ 14 ஆக்குங்க, 12 ஆக்குங்க. இதுல மானப் பிரச்சினை ஒண்ணுமில்ல. வாராவாரம் கை மீறிச் சாப்பிட்டுட்டு, அப்புறம் தண்டனையா பட்டினி கிடக்கறீங்கன்னா விரதத்தை நிறுத்திட்டு மனநல மருத்துவரைப் பாருங்க, உண்மையாச் சொல்றேன்.

கேள்வி: காலை 9 மணிக்கு உயிர் போற பசி. எப்படித்தான் தாங்குறீங்க?

வழக்கமா சாப்பிடுற நேரத்துக்குப் பசி ஹார்மோன் ஏறும், சாப்பிடலன்னாலும் கொஞ்ச நேரத்துல தானா இறங்கும். தண்ணி குடிச்சுட்டு வேற வேலை பாருங்க. ரெண்டு மூணு வாரத்துல பலருக்குப் பழகிடும். தலைசுத்தல், கை நடுக்கம் வந்தா அதைப் பசின்னு நினைச்சுத் தாங்கிக்கிட்டு இருக்காதீங்க, சாப்பிடுங்க.

கேள்வி: டீயில ரெண்டு ஸ்பூன் பால் ஊத்தினா விரதம் கலைஞ்சிருமா?

எடை குறைக்கத்தான் இருக்கீங்கன்னா ரெண்டு ஸ்பூன் பாலால ஒண்ணும் ஆகாது. சர்க்கரை வேண்டாம்.

கேள்வி: 102 கிலோ இருக்கேன் மேடம். ஆறு மாசத்துல 70 ஆகணும். முடியுமா?

32 கிலோவுக்கு, உடம்பு செலவழிக்கிறதைவிட நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,350 கலோரி குறைவாச் சாப்பிடணும், ஆறு மாசமும் ஒரு நாள் விடாம. வேண்டாம். வேகமாக் குறைச்சா கொழுப்போட தசையும் போகும், பித்தப்பையில கல் வரலாம், ரெண்டு மூணு மாசம் கழிச்சு முடி கொத்தாக் கொட்டலாம்.

முதல் இலக்கு 97. சிரிக்காதீங்க, அது 5 சதவீதம். 5-ல இருந்து 10 சதவீதம் குறைஞ்சாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் நல்லபடியா மாற ஆரம்பிக்கும். 97 வந்ததும் அடுத்த நம்பரைப் பேசிக்கலாம்.

கேள்வி: அப்பாவுக்கு சுகர், கிளிமிபிரைடுங்கிற சர்க்கரை மாத்திரை சாப்பிடுறார். அவரும் இருக்கலாமா?

டாக்டரைக் கேட்காம ஒரு நாள்கூட வேண்டாம். அந்த மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கிட்டு சாப்பிடாம இருந்தா சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். டாபாகிளிஃப்ளோசின் மாதிரி சர்க்கரை மாத்திரைகள்ல வேற ஆபத்து: ரத்தத்துல கீட்டோன் (கொழுப்பு கரையும்போது உண்டாகிற அமிலப் பொருள்) ஏறி அமிலமாகிடலாம், அதுவும் சர்க்கரை ரொம்ப ஏறாமலே. மாத்திரை அளவை மாத்த வேண்டியது அவர் டாக்டர்தான். கர்ப்பிணிகள், பாலூட்டுறவங்க, 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களும் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

கேள்வி: நீங்களே சறுக்கினீங்களாமே. எப்படி?

73 வந்ததும் நோட்டு எழுதறதை நிறுத்தினேன். 16:8-ஐ விடவே இல்ல, பாருங்க, அதான் வேடிக்கை. எட்டு மணி நேரத்துக்குள்ளயே கை அடிக்கடி டப்பாவுக்குப் போச்சு. ஒன்பது மாசத்துல 80. ஒரு நாள் பழைய பேன்ட் பட்டன் போட முடியாம நின்னப்பத்தான் மெஷினைத் தேடினேன், கட்டிலுக்கு அடியில பேட்டரி தீர்ந்து கிடந்துச்சு.

புது பேட்டரி போட்டு நோட்டை மறுபடி எடுத்தேன். இப்போ 14:10, வாரத்துல ஒரு நாள் விடுமுறை. எடை 74-க்கும் 75-க்கும் நடுவுல ஆடிக்கிட்டு இருக்கு. அந்தப் பேன்ட் போட முடியுது, உட்காரும்போது மட்டும் கொஞ்சம் பிடிக்கும்.