முன்பின் தெரியாதவரை நம்புவது ஏன் நாட்டுக்கு நாடு மாறுகிறது?

சமூக நம்பிக்கை என்றால், அறிமுகமே இல்லாத ஒருவர் நம்மை ஏமாற்றமாட்டார் என்ற எண்ணம். ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரிடம் "பையைக் கொஞ்சம் பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்க இறங்குகிறோமே, அதுதான்.

"பெரும்பாலானவர்களை நம்பலாமா?" என்று உலக விழுமியங்கள் கணக்கெடுப்பில் கேட்கிறார்கள். நார்வே, டென்மார்க்கில் பத்தில் ஏழு பேர் ஆம் என்கிறார்கள். பிரேசிலிலும் கொலம்பியாவிலும் பத்தில் ஒருவர்கூட இல்லை.

ஏன்? அதே பையை ஆளில்லாத பிளாட்பாரத்தில் ஒருவரிடம் விட்டுப் போவீர்களா? மாட்டீர்கள். பெட்டியில் இன்னும் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற தைரியம் அங்கே இல்லை. ஒரு நாட்டில் அந்த நாலு பேருடைய வேலையைச் செய்வது நீதிமன்றமும் போலீசும் அரசு அலுவலகமும். லஞ்சமில்லாமல், ஆள் பார்க்காமல் அவை நடந்தால், ஏமாந்தாலும் நியாயம் கிடைக்கும் என்று துணிந்து நம்பலாம். ஏற்றத்தாழ்வு பெருகினாலும் நம்பிக்கை தேயும். மேலே இருப்பவர்களுக்கு வேறு சட்டம் என்ற சந்தேகம் வந்துவிடும் அல்லவா?

நாடு பணக்கார நாடானால் இந்த நம்பிக்கை தானாக வளரும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அமெரிக்காவில் 1972-ல் 46 சதவீதம் பேர் மற்றவர்களை நம்பலாம் என்றார்கள். நாடு மேலும் செழித்த பிறகு, 2018-ல், அது 34 சதவீதம்.