மார்வெலுக்குக் கை கிடையாது

அன்புள்ள மேடம்,

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் கதைகளை நான் அதிகம் படித்ததில்லை. ஒரு பேச்சில் நீங்கள் காமிக்ஸ் படித்து வளர்ந்ததாகச் சொன்னதைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். வயது 31, ஓசூரில் வேலை. இரண்டு மூன்று வருடமாக டிசி, மார்வெல் இரண்டும் வெளியிடும் அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸ்களை விடாமல் படித்து வருகிறேன்.

‘அப்சொல்யூட் பேட்மேன்’ தொடரில் டிசி பெரிய ரிஸ்க் எடுத்திருக்கிறது. பேட்மேனாகும் புரூஸ் வெயினுக்குச் சொத்து இல்லை, மாளிகை இல்லை, அம்மா உயிரோடு இருக்கிறார். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்கோ இடிக்கிறது. பணத்தைப் பிடுங்கிவிட்டால் அவன் பேட்மேன்தானா? ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ தொடரில் மார்வெல் ஒருவழியாகத் திருந்தியிருக்கிறது, ஸ்பைடர்மேனாகும் பீட்டருக்குக் குடும்பம் கொடுத்துவிட்டது. ஆனால் எக்ஸ்-மென் கூட்டம் க்ரகோவா தீவில் வாழ்ந்த காலத்தை அதே மார்வெல் அவசரமாக முடித்துக் கெடுத்துவிட்டது. விலையும் தாங்கவில்லை. ஓர் இதழ் 4.99 டாலர். மனைவிக்குத் தெரியாமல்தான் வாங்குகிறேன். இலக்கியம் படிக்கும் நண்பர் ஒருவர் இதெல்லாம் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்கிறார். உங்கள் கருத்து என்ன?

பிரபு
(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

அன்புள்ள பிரபு,

மேடம் வேண்டாம். அக்கா என்றே எழுதலாம். என் கதைகளைப் படிக்காததற்கு மன்னித்துவிட்டேன். மனைவியிடம் மறைப்பதற்கு மன்னிப்பு கிடையாது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் ஒரு தகரப்பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தேன். என் சித்தப்பாவின் பெட்டி. அவர் தவறி மூன்று மாதம் ஆகிறது. வேறு நாளாக இருந்தால் உங்களுக்கு இரண்டு வரியில் பதில் போட்டு முடித்திருப்பேன்.

முதலில் சில்லறை விஷயங்கள். க்ரகோவா பற்றி நீங்கள் எழுதியிருந்த ஒன்றரைப் பக்கத்தை வெட்டிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். 2019-இல் தொடங்கி 2024 வரை ஓடிய கதை அது. ஐந்து வருடம் ஓடியதை ‘அவசரம்’ என்கிறீர்கள். செத்தவர்களை முட்டைக்குள்ளிருந்து திரும்பப் பிறக்கவைக்கிற தீவில் எதை முடிவு என்று சொல்வது? விடுங்கள். விலை விஷயத்துக்கு வழி இருக்கிறது. நான்கு பேர் சேர்ந்து வாங்குங்கள். எங்கள் தெருவில் ஒரு காமிக்ஸைப் பதினோரு பேர் படித்தோம், பதினோராவது ஆளுக்கு அட்டை இருக்காது.

பணமில்லாத பேட்மேனுக்கு வருவோம். 2024 அக்டோபரில் முதல் இதழ் வந்ததும் நானும் படித்தேன். எனக்கு எதுவும் இடிக்கவில்லை. பழைய பேட்மேன் பணக்கார வீட்டுப் பிள்ளை. அப்பா அம்மா செத்த துக்கத்தைக்கூடக் கருவிகளாக வாங்கி அடுக்கிக்கொள்ள அவனால் முடிந்தது. இவனுடைய அப்பா பள்ளிக்கூட வாத்தியார். இவன் நகரத்துக்காகக் கட்டுமான வேலை பார்க்கிற இஞ்சினியர். எந்தப் பாலத்தில் எந்தத் தூண் பலவீனம் என்று தெரிந்தவன். அதுவும் ஒரு சொத்துதானே? மார்பில் இருக்கும் வௌவால் சின்னத்தைக் கழற்றிக் கோடரியாகப் பிடிப்பான் பாருங்கள், அந்த இடத்தில் நான் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுச் சிரித்தேன். விறகு வெட்டப் போகிறவன் மாதிரி இருந்தது.

இங்கேதான் உங்களை நிறுத்துகிறேன். கடிதத்தை இரண்டாம் தடவை படித்தபோது பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். முழுக் கடிதத்தில் டிசி ஏழு இடத்தில். மார்வெல் ஒன்பது இடத்தில். டிசி துணிந்தது, மார்வெல் திருந்தியது, டிசி யோசித்திருக்கிறது, மார்வெல் கெடுத்தது. ஆறு பக்கக் கடிதத்தில் ஒரு மனுஷன் பெயர் இல்லை. புரூஸும் பீட்டரும் வருகிறார்கள், சரி. அவர்கள் இல்லாத ஆட்கள். இருக்கிற ஆட்கள் எங்கே? மார்வெலுக்குக் கை கிடையாது தம்பி. டிசிக்கு பென்சில் பிடிக்கத் தெரியாது. அவை கம்பெனிகள்.

அந்தப் பேட்மேனை எழுதியவர் ஸ்காட் ஸ்னைடர். பணத்தை எடுத்துவிடலாம் என்பது காகிதத்தில் ஒரு வரி, யாருக்கும் தோன்றலாம். அந்த வரிக்கு உடம்பு கொடுத்தவர் நிக் டிரகோட்டா. கதவை அடைக்கிற தோள், கட்டத்துக்குள் அடங்காமல் முட்டிக்கொண்டு நிற்கிற முதுகு. பணமில்லாதவன் எதை வைத்துப் பயமுறுத்துவான் என்ற கேள்விக்கு அவர் வசனமில்லாமல், உருவத்தின் அகலத்தை வைத்தே பதில் சொல்லிவிடுகிறார். வண்ணம் ஃபிராங்க் மார்ட்டின். எழுத்து கிளேட்டன் கௌல்ஸ். நீங்கள் ‘மார்வெல் திருந்தியது’ என்ற ஸ்பைடர்மேனை ஜொனாதன் ஹிக்மேன் எழுத, மார்க்கோ செக்கெட்டோ வரைந்தார். 1987-இல் நடந்த பீட்டர் கல்யாணத்தை இருபது வருடம் கழித்து ஒரு சாத்தானோடு பேரம் பேசவைத்து அழித்தார்களே, அந்தக் கம்பெனிதான் இது. கம்பெனிகள் திருந்துவதில்லை. நல்ல எழுத்தாளர் ஒருவர் வந்து கேட்கும்போது சில சமயம் சரி என்கின்றன, அவ்வளவுதான்.

‘எழுத்து’ என்று நான் சொன்னதை நீங்கள் கவனிக்காமல் தாண்டியிருப்பீர்கள். எல்லோரும் தாண்டுவார்கள். பலூனுக்குள் வசனம் எழுதுகிற வேலை அது. இப்போது கணினியில் செய்கிறார்கள், முன்பு ஓவியத் தாளிலேயே பேனாவால் எழுதினார்கள். இதே கௌல்ஸ், டாம் கிங் எழுதி பில்கிஸ் எவெலி வரைந்த சூப்பர்கேர்ள் கதையிலும் எழுத்து வேலை செய்திருக்கிறார். 2021-இல் தொடங்கிய எட்டு இதழ்க் கதை. உங்களிடம் இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். அப்பாவைக் கொன்றவனைத் தேடி அலைகிற ஒரு சிறுமி கதை சொல்கிறாள், வாய் ஓயாத சிறுமி. பக்கத்துக்குப் பக்கம் அவள் பேச்சு. எவெலியோ வானத்தையும் தலைமுடியையும் இழை இழையாக வரைகிறவர். இத்தனை பேச்சையும் அந்தக் கோடுகளை மறைக்காமல் எங்கே வைப்பது? எந்த இடத்தில் வரியை முறிப்பது? வாசகனின் கண் எந்தப் பெட்டியிலிருந்து எந்தப் பெட்டிக்கு இறங்க வேண்டும்? அதை ஒருவர் உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார். சரியாகச் செய்தால் யாருக்கும் தெரியாது என்பதுதான் அந்த வேலையின் சாபம்.

பெயர் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். ஒரு காசோலையைப் பற்றிச் சொல்கிறேன்.

1938-இல் ஜெர்ரி சீகல் எழுதி ஜோ ஷூஸ்டர் வரைந்த 13 பக்கம், பக்கத்துக்கு 10 டாலர் வீதம் 130 டாலருக்குப் போனது. உரிமையும் அதோடு போனது. சூப்பர்மேன். அந்தத் தொகையும் அடங்கிய காசோலை இன்றும் இருக்கிறது. அதில் இரண்டு பேர் பெயரும் எழுத்துப்பிழையோடு இருக்கும். பணம் வாங்குவதற்காக, தப்பான எழுத்தில் ஒரு தடவை, சரியான எழுத்தில் ஒரு தடவை என்று இரண்டு கையெழுத்து போட்டிருக்கிறார்கள். 2012-இல் அந்தக் காசோலை 1,60,000 டாலருக்கு ஏலம் போனது. காகிதத்துக்கு இருந்த மதிப்பைப் பார்த்தீர்களா?

நாற்பதுகளின் கடைசியில் உரிமை கேட்டு வழக்கு நடந்தது. அது முடிந்தபோது அவர்கள் பெயர் புத்தகத்திலிருந்தே எடுக்கப்பட்டுவிட்டது. 1959-இல் சீகல் அதே கம்பெனிக்குத் திரும்பிப் போய், பெயரில்லாமல், தான் பெற்ற பிள்ளைக்குக் கூலிக்குக் கதை எழுதினார். சூப்பர்மேன் செத்துப்போவதாக 1961-இல் ஒரு கற்பனைக் கதை வந்தது. இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். அதை எழுதியது அவர்தான், பெயர் இல்லை. 1975-இல் படமெடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் மனுஷர் கொதித்துப்போய்ப் பத்திரிகைகளுக்கு நீண்ட கடிதம் எழுதினார். அப்போது அவர் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஷூஸ்டருக்குக் கண் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் போன்ற ஓவியர்கள் கூட நின்றார்கள். டிசம்பரில் ஆளுக்கு வருடம் 20,000 டாலர் என்று முடிவானது. பெயரும் திரும்ப வந்தது. உங்கள் பேட்மேன் கதையும் லேசானதில்லை. முகமூடியும் அங்கியும் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லி அவனைப் பேட்மேனாக்கிய பில் ஃபிங்கர் 1974-இல் செத்தார். உருவாக்கியவர்களில் ஒருவராக அவர் பெயரை முறைப்படி போட்டது 2015-இல்.

இதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. எண்பதுகளில் சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸ் படித்தவர்களுக்கு ஸ்பைடரைத் தெரியும். உங்கள் ஸ்பைடர்மேன் வேறு, இவன் வேறு. கூர்க்காது வைத்த, அகங்காரம் பிடித்த குற்றச் சக்கரவர்த்தி. ஹெலிகார் என்ற பறக்கும் வண்டி, வலைத் துப்பாக்கி, கூடவே கூட்டாளிகள் பெல்ஹாமும் ஆர்டினியும். இங்கிலாந்து வாரப் பத்திரிகையில் வந்த கதை, அங்கே பெரும்பாலானோர் மறந்துவிட்டார்கள், நாம் விடவில்லை. அறுபதுகளின் பிற்பாதியில் அந்தக் கதைகளை எழுதியவர் யார் தெரியுமா? ஜெர்ரி சீகல். அமெரிக்காவில் பெயரைப் பறிகொடுத்தவர், எழுத்தாளர் பெயரே போடாத இங்கிலாந்துப் பத்திரிகைக்கு எழுதினார். அது இருபது வருடம் கழித்து சிவகாசி வழியாக எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது. வாசலில் கவிழ்ந்து படுத்து அதைப் படித்தபோது எனக்குப் பதினொரு வயது. சூப்பர்மேனைப் படைத்தவரின் எழுத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கே நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. அன்றைக்கு ராத்திரி சித்தப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். “அவருமா?” என்றார்.

அவருமா என்று கேட்டதற்குக் காரணம் உண்டு. சித்தப்பா போர்டு எழுதுகிறவர். பலசரக்குக் கடை, டீக்கடை, கட்சி விளம்பரம், எல்லாம். சாயங்காலங்களில் ஓர் அச்சகத்துக்குப் போய், சிறுவர் பத்திரிகை ஒன்றில் வந்த வெளிநாட்டுப் படக்கதைக்குத் தமிழ் எழுதினார். ஆங்கில வசனத்தின் மேல் வெள்ளை பூசிக் காயவைத்து, நிப்பைத் தொட்டுத் தொட்டு எழுத வேண்டும். பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய். பலூன் ஆங்கிலத்துக்கு அளவெடுத்து வரைந்தது. அங்கே நாலு எழுத்தில் முடிகிற ‘ஹெல்ப்’ இங்கே வரும்போது ‘காப்பாற்றுங்கள்’ என்று பந்தி விரித்து உட்காரும். ஒரு கதையில் ஆற்றில் விழுந்தவன் கத்துகிறான். மொழிபெயர்ப்பாளர் ‘என்னை உடனே காப்பாற்றுங்கள்’ என்று கொடுத்திருக்கிறார். பலூன் புளியங்கொட்டை அளவு. சித்தப்பா ‘ஐயோ!’ என்று எழுதிவிட்டார். கூப்பிட்டு விசாரித்தார்களாம். “தண்ணிக்குள்ள முங்குறவன் அவ்வளவு நீளமா பேசமாட்டான் சார்” என்று சொல்லிவிட்டு வந்தார்.

எனக்குத் தெரிந்து ஒரு வசனம் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு யாராவது சொல்லிக்கொடுத்தது அன்றைக்குத்தான். பின்னால் எத்தனையோ பட்டறைகளில் எத்தனையோ பேர் பேசக் கேட்டேன்.

அவர் பெயரும் எங்கேயும் வந்ததில்லை. இதழின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டவர், வெளியிட்டவர், விற்பனை உரிமை வாங்கியவர் வரைக்கும் இருக்கும். “ஏன் சித்தப்பா உன் பேர் இல்ல?” என்று கேட்டிருக்கிறேன். “பேரு எதுக்குடி? புஸ்தகம் பூரா என் கையெழுத்துதான” என்றார். அப்போது எனக்கு அது பெரிய பதிலாகத் தெரிந்தது, பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தால் கோபம் வருகிறது. அவர் மேல்தான். கேட்டிருக்கலாம். கேட்கத் தெரியாத கை நிறைய இருப்பதால்தான் ‘மார்வெல் எழுதியது’ என்று உங்களால் ஒரு கூச்சமும் இல்லாமல் எழுத முடிகிறது.

சரி, உங்கள் மேல் காட்ட வேண்டிய கோபம் இவ்வளவு இல்லை. உங்கள் இதழ்களில் எல்லாப் பெயரும் அச்சாகி வருகிறது, எழுத்து வேலை செய்தவர் பெயர் உட்பட. அறுபதுகளிலேயே மார்வெல் இதழ்களில் ஆர்ட்டி சைமெக், சாம் ரோசன் என்று பலூன் எழுதியவர்கள் பெயர் வரும், அதை வைத்து மார்வெல் ஆசிரியர் ஸ்டான் லீ கிண்டலும் அடிப்பார். சண்டை போட்டு வாங்கிய பெயரும் உண்டு, சும்மா கிடைத்த பெயரும் உண்டு. நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம் அந்தப் பக்கத்தில் அரை நிமிடம் நிற்பது.

தகரப்பெட்டியில் பழைய பிரஷ்கள் இருந்தன, இரண்டு நிப், எலி கடித்த ரசீதுக் கட்டு. அடியில் அந்தப் பத்திரிகையில் ஒரே ஓர் இதழ், அட்டை இல்லாமல். அவருடைய கை என்பதில் சந்தேகமே இல்லை. ‘ழ’ வருகிற இடத்திலெல்லாம் வால் கொஞ்சம் நீண்டு பலூன் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும், பலகையில் எழுதிப் பழகியவர் அல்லவா. அந்த ‘ஐயோ!’ இருக்கிற இதழ் அது இல்லை. முழுக்கப் புரட்டிப் பார்த்துவிட்டேன்.

உங்கள் நண்பருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம், அந்த சூப்பர்கேர்ளை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மனைவியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். எங்கள் சித்திக்கும் அந்த ஒன்றரை ரூபாய் எங்கே போகிறது என்பது கடைசிவரை தெரிந்துதான் இருந்தது.

அடுத்த கடிதத்தை யார் வரைந்தது என்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.

அன்புடன்,
அக்கா