ஆறு மணி நேரத்தில் லண்டன்?

கே: சென்னையிலிருந்து லண்டன் எத்தனை கிலோமீட்டர்?

சுமார் 8,200. இது நேர்த் தூரம். விமானம் பறப்பது இதைவிடக் கூடுதல்.

கே: அதிகாலை 5.30க்குச் சென்னையில் ஏறினால் 11.30க்கு லண்டன் என்று டிக்கெட்டில் இருக்கிறது. ஆறு மணி நேரம்தானே? அப்பாவின் மாத்திரைக்காகக் கேட்கிறேன்.

இல்லை. மாதம் தவறாமல் இதே கேள்வி வருகிறது. நானும் சளைக்காமல் எழுதுகிறேன்: டிக்கெட்டில் அச்சாவது அந்தந்த ஊர் நேரம். 5.30 நம்முடையது, 11.30 அவர்களுடையது. லண்டன் கோடையில் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை ஐந்தரை. ஆகவே உங்கள் பயணம் கோடையில் பத்தரை மணி நேரம். இதே நேரங்கள் குளிர்கால டிக்கெட்டில் இருந்தால் பதினொன்றரை. ஆறு மணி நேரத்தில் போய்ச்சேர மணிக்குச் சுமார் 1,370 கி.மீ. வேகம் வேண்டும். பயணிகள் விமானம் 900ஐ ஒட்டித்தான் பறக்கும்; ஒலியை மிஞ்சிய கான்கார்டு 2003-லேயே ஓய்வு பெற்றுவிட்டது. கழிப்பதற்கு முன்னால் இரண்டு நேரத்தையும் ஒரே ஊருக்கு மாற்றிக்கொள்ளக் கூடாதா? அப்பாவை இறங்கும்வரை கைக்கடிகாரத்தை மாற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். மாத்திரை கைப்பையில் இருக்கட்டும். வேளையை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: திரும்பும்போது மட்டும் சீக்கிரம் வந்துவிடுகிறதே, விமானி விரட்டுகிறாரா?

விரட்டுவது காற்று. பத்து கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் வீசுகிறது. இருக்கைத் திரையில் தரைவேகத்தைப் பாருங்கள்: போகும்போது எண்ணூற்றுச் சொச்சம் காட்டும், வரும்போது சில சமயம் ஆயிரத்தைத் தாண்டும்.

கே: அமெரிக்காவுக்கு எத்தனை மணி நேரம்?

எந்த ஊருக்கு? நியூயார்க்குக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவிலேயே 4,000 கி.மீ. இருக்கிறது. ஊர் பெயரோடு எழுதுங்கள்.

கே: மிக நீளமான நேரடி விமானம் எது?

சிங்கப்பூர்–நியூயார்க். சுமார் 15,300 கி.மீ., பதினெட்டு மணி நேரத்துக்கு மேல். எகானமி வகுப்பு கிடையாது. அங்கேயும் டிக்கெட்டில் ஊர் நேரம்தான், ஞாபகம் இருக்கட்டும்.

கே: லண்டன்–டோக்கியோ முன்பு 12 மணி நேரம், இப்போது 14. ஏன்?

2022 முதல் அந்த வழி விமானங்கள் ரஷ்ய வானைத் தொடுவதில்லை. சைபீரியாவுக்குப் பதில் மத்திய ஆசியாவையோ அலாஸ்காவையோ சுற்றிக்கொண்டு போகின்றன. ஊர்கள் நகரவில்லை, வழி நீண்டுவிட்டது.

கே: துபாயில் விமானம் மாற ஒன்றரை மணி நேரம் போதுமா?

ஒரே டிக்கெட்டில் இரண்டு விமானமும் இருந்தால் பெரும்பாலும் போதும். தவறவிட்டாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும், அதற்கு விசாவும் தேவைப்படலாம். நாலு மணி நேரமாவது விடுங்கள்.